இலக்கும் நிறைவும்



மனிதன் ஒன்றை விரும்புகிறான். அதற்காக உழைக்கிறான், உறக்கத்தைக் குறைக்கிறான், ஊர் சுற்றுவதை விடுகிறான். முடிவில் அதனை அடைந்தும் விடுகிறான். அடைந்த அன்று நெஞ்சு நிறைகிறது. ஆனால் நாலு நாள் கழிந்ததும், பானையில் எங்கோ கீறல் விழுந்தாற்போல அந்த மகிழ்ச்சி ஒழுகிப் போய்விடுகிறது. "இதற்காகவா இத்தனை பாடு?" என்று தன்னைத் தானே கேட்டுக் கொள்கிறான்.

கிடைக்காதவன் வருந்தினால் அவனுக்கு ஆறுதல் சொல்ல ஆயிரம் பேர் உண்டு. கிடைத்தவன் வருந்தினால் ஒருவரும் இல்லை. "உனக்கென்னப்பா குறைச்சல்?" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். வெளியே சொல்ல வெட்கப்பட்டு உள்ளேயே வைத்துப் புழுங்குகிற இந்தக் குறை, விளையாட்டுப் பிள்ளைக்கும் வருகிறது. பேர் பெற்ற வணிகருக்கும் வருகிறது. இது நன்றி கெட்ட குணமா? அடைந்த பொருள் பயனற்றது என்பதற்கு அடையாளமா? அல்லது வேறு ஏதேனுமா? இதனைச் சற்றே சிந்திப்போம்.

நாம் பெரும் படிப்புப் படித்தவரல்லோம். மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் கற்றது கொஞ்சம். ஈப்போவில் கடை மேசைக்குப் பின்னால் நின்று கற்றது மிச்சம். ஆகவே, தத்துவ நூல்களை அடுக்காமல், நம் கண்ணெதிரே நடக்கிற ஒரு சிறு விளையாட்டைக் கொண்டே இதனை ஆராயப் புகுகிறோம். அது பூல் எனப்படும் மேசைப் பந்தாட்டம்.

ஈப்போவிலும் பேராக்கின் மற்றப் பட்டணங்களிலும் கடைவீட்டு மாடிகளில் பூல், ஸ்னூக்கர் மேசைகளைப் போட்டு மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவதை அறியாதவர் இலர். அத்தகைய இடங்களைப் பற்றி நம் பெரியவர்களுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. பந்தயமும், புகையும், பொழுது வீணாவதும் அதற்குக் காரணம். பந்தயம் கட்டி ஆடுவது ஹராம் என்பதில் நமக்கும் மாற்றுக் கருத்தில்லை. நாம் பேச வந்தது, காசு வைக்காமல் தன் கையையும் கண்ணையும் தானே சோதித்துப் பார்க்கிறவனைப் பற்றி.

விளையாட்டை எடுத்துக் கொண்டதற்குக் காரணம் உண்டு. வியாபாரத்தில் ஒருவருக்கு மனக்குறை வந்தால் கடன், கூட்டாளி, வரி, வாடகை என்று பல காரணம் சொல்லலாம். விளையாட்டில் அப்படிச் சொல்ல இடமில்லை. துணி விரித்த ஒரு மேசை, ஆறு குழிகள், ஒரு கோல், சில பந்துகள், அவ்வளவே. அரிசியிலிருந்து கல்லைப் பொறுக்கி வைப்பது போல, அங்கே வருகிற மனக்குறையைத் தனியே எடுத்து வைத்துப் பார்க்கலாம்.

நமக்குத் தெரிந்த வாலிபர் ஒருவர் துணிக்கடையில் வேலை செய்கிறார். இரவு கடை அடைத்த பின், வாரத்தில் மூன்று நாள், ஒரு மணி நேரம் பூல் மேசையில் நிற்பார். 'நைன் பால்' என்னும் ஆட்டத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிட்ட பந்துகள் உண்டு. மேசையில் மிஞ்சியிருப்பவற்றில் சிறிய எண்ணையே வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். ஒன்பதாம் பந்தை விதிப்படி குழியில் தள்ளியவருக்கு வெற்றி. முதல் அடியில் பந்துகளைக் கலைத்த பின், ஒரு முறையும் தவறாமல் மேசையைக் காலி செய்து முடிப்பதே ஆட்டக்காரர்களின் ஏக்கம். பத்து ஆட்டத்தில் மூன்றையாவது இப்படி முடிக்க வேண்டும் என்று அந்த வாலிபர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். இரண்டு ஆண்டுகள் பாடுபட்டார். ஒரு நாள் எட்டியும் விட்டார். தெரிந்தவர்களுக்கெல்லாம் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். பத்து நாள் கழித்து நம் கடைக்கு வந்தபோது அவர் முகத்தில் களையில்லை.

"என்ன தம்பி, நினைத்தது கைகூடியும் முகம் வாடியிருக்கிறதே?" என்று கேட்டோம்.

"எழுதி வைத்ததை எட்டிவிட்டேன், நானா. ஆனால் எட்டின மாதிரியே இல்லை. முன்னே நாலு பந்து போட்டாலே வீடு போய்ச் சேருகிற வரைக்கும் சிரித்துக்கொண்டு போவேன். இப்போது ஒன்பதும் விழுகிறது. வெள்ளைப் பந்து நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லையே என்றுதான் படுகிறது. கோலை விற்றுவிடலாமா என்று பார்க்கிறேன்" என்றார்.

கடையில் அப்போது பெரியவர்கள் இருவர் இருந்தனர். ஒருவர், "அல்லாஹ் கொடுத்ததற்கு ஷுக்ர் செய்யாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறாயே, இது நன்றிகேடு" என்றார். மற்றவர், "பந்தைக் குழியில் தள்ளுவதில் என்ன இருக்கிறது? வீண் காரியத்தில் வெறுமைதான் மிஞ்சும். உருப்படியான காரியத்தில் இறங்கு" என்றார். இரண்டும் அக்கறையோடு சொன்ன சொற்களே. எனினும் அவை நோய்க்கு ஏற்ற மருந்துதானா என்று நிறுத்துப் பார்க்க வேண்டியது நம் கடமை.

இரண்டாமவர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்வோம். காரியம் சிறியது என்பதுதான் வெறுமைக்குக் காரணமானால், அதே காரியத்தில் மிகப் பெரிய உயரத்தை எட்டியவர்களுக்காவது நிறைவு வந்திருக்க வேண்டும். வந்ததா என்று பார்ப்போம்.

பூலின் உறவினமான ஸ்னூக்கரில் ஒரு கூரை உண்டு. கணக்குப் பார்த்துப் பழகிய நமக்கு அது எளிதில் விளங்கும். சிவப்புப் பந்துகள் 15. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஒவ்வொரு சிவப்புக்குப் பின்னும் அதிக மதிப்புள்ள கறுப்பைப் போட்டால் ஏழு புள்ளி. ஆக, எட்டைப் பதினைந்தால் பெருக்கினால் 120. பிறகு மற்ற ஆறு நிறப் பந்துகள், இரண்டு முதல் ஏழு வரை, மொத்தம் 27. கூட்டினால் 147. எதிராளி தவறு செய்து கூடுதல் வாய்ப்புத் தந்தாலன்றி, ஒரே மூச்சில் இதற்கு மேல் எடுக்க வழியில்லை. 1955ல் ஜோ டேவிஸ் எடுத்த 147 தான் முதன்முதலில் அதிகாரப்பூர்வமாக ஏற்கப்பட்டது. 1997ல் இங்கிலாந்தின் ரோனி ஓ'சல்லிவன் உலகப் போட்டியில் அதே 147ஐ ஐந்தரை நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் எடுத்து முடித்தார். 2001 முதல் 2022 வரை ஏழு முறை உலகப் பட்டம் வென்றார். கூரையைத் தொட்ட மனிதர் என்றால் அவர்தாம். ஆயினும், மனச்சோர்வோடு போராடியதை அவரே பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2012ல் பட்டம் வென்றபின் அடுத்த பருவத்தை ஏறக்குறைய முழுவதும் ஆடாமலே விட்டு ஒதுங்கினார். 2013ல் திரும்பி வந்து அதே பட்டத்தை மறுபடி வென்றார். மனச்சோர்வு என்பது ஒரு நோய். அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பட்டங்கள் அதற்கு மருந்தாகவில்லை என்பது மட்டும் தெளிவு.

கூரை இருப்பதனால்தான் இப்படி என்று சொல்லலாமா? கூரையில்லாத ஆட்டமும் உண்டு. பழைய பில்லியர்ட்ஸில், தவறாமல் அடிக்கிற வரைக்கும் புள்ளி ஏறிக்கொண்டே போகும். 1907ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் லண்டனில் டாம் ரீஸ் என்பவர், இரண்டு பந்துகளை மூலைக் குழியின் வாயில் அணைத்து நிறுத்தி, மூன்றாம் பந்தால் அவற்றை மெல்லத் தட்டித் தட்டி எண்ணிக்கையை ஏற்றினார். ஒரு நாளல்ல, இரு நாளல்ல. ஏறத்தாழ ஐந்து வாரம்! எதிராளி அத்தனை நாளும் கோலைத் தொட வழியின்றி உட்கார்ந்திருந்தார். எண்ணிக்கை 499,135ஐ எட்டியது. அப்போதும் ஆட்டம் முடிந்தபாடில்லை. பார்வையாளரும் பத்திரிகைக்காரரும் இடைவிடாமல் பார்த்திருக்கவில்லை என்று சொல்லி அதனை முறையான சாதனையாக ஏற்கவும் மறுத்துவிட்டார்கள். அந்த அடி முறையே பின்னர் தடை செய்யப்பட்டது. கிட்டத்தட்ட ஐந்து இலட்சம்! நம்மில் எத்தனை பேருக்கு ஐந்து இலட்சம் என்ற எண்ணில் மயக்கம் உண்டு! ஆனால் அந்த மேசையைச் சுற்றிப் பார்க்க ஆள் இல்லை.

பூல் ஆட்டத்திலும் இதே கதைதான். 1954ல் அமெரிக்காவின் வில்லி மாஸ்கோனி தொடர்ச்சியாக 526 பந்துகளைக் குழியில் போட்டார். எட்டாத உயரம் என்று 65 ஆண்டுகள் அது நின்றது. 2019ல் வேறொருவர் 626 போட்டார். 2022ல் இன்னொருவர் 714 போட்டார். அதுவே கடைசி எண் என்று யார் சொல்ல முடியும்?

ஆகவே, கூரை உள்ள இடத்திலும் நிறைவு இல்லை. கூரை இல்லாத இடத்திலும் நிறைவு இல்லை. சிறிய இலக்கிலும் இல்லை. பெரிய இலக்கிலும் இல்லை. குறை இலக்கின் அளவில் இல்லை என்றால் வேறெங்கே இருக்கிறது?

நாம் நினைக்கிறோம்: குறை இருப்பது கண்ணில். கை தேறும்போது கண்ணும் கூடவே தேறுகிறது. கையைக் காட்டிலும் வேகமாகத் தேறுகிறது. புதிதாகக் கோல் பிடித்தவனுக்குப் பந்து குழியில் விழுந்தாலே பெருநாள். அவனுக்குத் தெரிவது அந்த ஒரு பந்து மட்டுமே. பழகியவனுக்கோ, அந்தப் பந்து விழுவதற்குமுன்பே, வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்க வேண்டும், அங்கிருந்து அடுத்த பந்துக்கு வழி உண்டா, அதற்கும் அடுத்ததற்கு என்ன செய்வது என்பதெல்லாம் தெரிகிறது. ஆறு அங்குலம் தள்ளி நின்றாலும் அவன் கண்ணுக்கு அது பிழை. முன்பு அவன் பிழை செய்யாமலிருந்தானா? செய்தான், இதைவிடப் பெரிய பிழைகளைச் செய்தான். அவற்றைப் பார்க்க அவனிடம் கண் இல்லை. அவ்வளவுதான்.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகிறது. இலக்கை எழுதி வைத்தவன் ஒருவன். அதனை எட்டியவன் இன்னொருவன். இரண்டு ஆண்டுக்கு முன் அந்த நோட்டுப் புத்தகத்தில் எழுதியவன், நாலு பந்துக்கே மகிழ்ந்த மனிதன். அவனிடம் கொண்டுபோய் இந்த வெற்றியைக் கொடுத்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பான். ஆனால் அவன் இப்போது இல்லை. அவனுக்குப் போட்ட சட்டை இவனுக்குச் சிறுத்துவிட்டது. சட்டை சிறுத்ததற்காகத் தையற்காரனைத் திட்டுவதும் தவறு. உடம்பைத் திட்டுவதும் தவறு. பிள்ளை வளர்ந்திருக்கிறான் என்பதே அதன் பொருள். ஆக, எட்டிய பின் வருகிற இந்த வெறுமை, முன்னேற்றம் பொய் என்பதற்குச் சாட்சி அன்று. முன்னேற்றம் மெய்யானது என்பதற்கே சாட்சி.

வணிகத்திலும் இதனைக் காணலாம். ஊரிலிருந்து வந்து, பிறர் கடையில் நின்று, ஐந்தடி இடத்தில் சொந்தமாக ஒரு பெட்டிக்கடை போட்டால் போதும் என்று ஏங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தப் பெட்டிக்கடைக்காரர் இன்று இரண்டு கதவு வைத்த கடையில், குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு, மூன்றாவது கடை இல்லையே என்று பெருமூச்சு விடுகிறார். அன்று அவருக்குச் சரக்கு வாங்கவும் விற்கவும் மட்டுமே தெரியும். இன்று சந்தையின் போக்குத் தெரிகிறது. தவறவிட்ட வாய்ப்புக்கள் தெரிகின்றன. அடுத்த தெருக்காரரின் விற்பனை தெரிகிறது. கண் பெருத்துவிட்டது.

நிற்க. முதலாமவர் சொன்ன நன்றிகேடு என்பதைப் பற்றியும் பேச வேண்டும். அவர் சொல்லில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் குறைப்படுவதில் இரண்டு வகை உண்டு. பெற்றதில் குறைப்படுவது ஒன்று; செய்ததில் குறைப்படுவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பதனால்தான் நாம் குழம்புகிறோம்.

உணவுக்கடையில் சமைக்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். இன்றைய கல்லாவில் விழுந்த வெள்ளி போதவில்லை என்று அவர் புலம்பிக்கொண்டேயிருந்தால், அது பெற்றதில் குறை. அதற்கு மருந்து 'போதும்' என்ற சொல்லே. ஆனால் இன்றைய குழம்பில் மசாலை சற்றே கருகிவிட்டது, நாளை அடுப்பைத் தணிக்க வேண்டும் என்று அவர் எண்ணினால், அது செய்ததில் குறை. அங்கேயும் போய் 'போதும்' என்று சொல்லலாமா? சொன்னால் அது மனநிறைவாகாது, சோம்பலாகும். நிறுவையில் பத்துக் கிராம் குறைந்தால் போகட்டும் என்கிற வியாபாரி மனநிறைவு உடையவர் அல்லர். 'போதும்' என்பது வாங்குகிற கைக்குச் சொல்ல வேண்டிய சொல். செய்கிற கைக்குச் சொல்ல வேண்டிய சொல் அன்று. பெற்றதற்கு ஷுக்ர் செய்துகொண்டே, செய்ததில் உள்ள பிழையைத் தேடுகிறவர் நன்றி கெட்டவரும் அல்லர். துயரப்பட வேண்டியவரும் அல்லர்.

அந்த வாலிபருக்கு நேர்ந்த குழப்பமும் இதுவே. வெள்ளைப் பந்து சரியான இடத்தில் நிற்கவில்லை என்பது செய்ததில் கண்ட குறை. அது நல்ல குறை. அதனைப் பெற்றதில் கண்ட குறையாக, 'எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை' என்பதாக, அவர் மாற்றி எழுதிக்கொண்டார். பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதிவிட்டால் ஐந்தொகை எப்படிச் சரிப்படும்?

இந்தக் குழப்பத்தில் அகப்பட்டவர்கள் பெரும்பாலும் தவறான மூன்று கதவுகளில் ஒன்றைத் திறந்துகொண்டு போகிறார்கள்.

முதலாவது, எல்லாவற்றையும் விட்டெறிவது. கோலை விற்பது, கடையை மூடுவது, கற்ற கலையைக் கைவிடுவது. வளர்ந்த கண்ணைக் குத்திக் கொள்வதற்கு இது ஒப்பாகும்.

இரண்டாவது, கசந்து போவது. புதிதாக வருகிறவனைப் பார்த்து, "போய்ப் பார், அங்கே ஒன்றுமில்லை" என்று சொல்லி, அவனுடைய முதல் மகிழ்ச்சியையும் பறிப்பது. தந்தையர் சிலர் தம் மக்களுக்கு இதனைச் செய்துவிடுகிறார்கள். பிள்ளை வகுப்பில் மூன்றாவதாக வந்தேன் என்று ஓடி வந்தால், முதலாவதாக வந்தவன் யார் என்று கேட்கிறார்கள். தம் நெஞ்சிலுள்ள ஓட்டையைப் பிள்ளையின் நெஞ்சிலும் போட்டு விடுகிறார்கள்.

மூன்றாவது கதவே மிகவும் மினுக்கானது: இன்னும் பெரிய எண். வெறுமையை நிரப்ப அடுத்த சாதனை. அதன் வெறுமையை நிரப்ப அதற்கும் அடுத்தது. இதனைச் சொல்லும்போது மேசையை விட்டுக் கடலுக்குப் போக வேண்டியிருக்கிறது. இலங்கை வல்வெட்டித்துறையைச் சேர்ந்த தமிழர் ஆழிக்குமரன் ஆனந்தன், 1971ல் பாக்கு நீரிணையை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கும் மீண்டும் இந்தியாவிலிருந்து இலங்கைக்குமாக நீந்திக் கடந்தார். தமிழுலகமே மெச்சிய வீரம் அது. அதன் பின்னும் அவர் ஓயவில்லை. ஒரு பகலும் ஓர் இரவும் தாண்டி ஒற்றைக் காலில் நின்றார், நாட்கணக்கில் இடைவிடாமல் சைக்கிள் ஓட்டினார், நாட்கணக்கில் ஆடினார். ஒன்றன்பின் ஒன்றாக உலக சாதனைகள். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது அவர் உயிர் பிரிந்தது. அப்போது வயது 41. அவர் நெஞ்சில் நிறைவு இருந்ததா, வெறுமை இருந்ததா என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அந்தத் துணிவை வணங்குகிறோம். ஆனால் அவ்வாழ்க்கையைப் படிக்கிற ஒவ்வொருவரும் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: நாம் அடுத்ததைத் தேடுவது அதன்மேல் உள்ள அன்பினாலா, அல்லது இதனோடு இருக்க முடியாத தவிப்பினாலா?

வணிகர்கள் இக்கேள்வியைக் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஊருக்குத் தேவைப்பட்டுத் திறக்கிற கடை உண்டு. பிள்ளைகளின் எதிர்காலத்துக்காகத் திறக்கிற கடை உண்டு. உள்ளே இருக்கிற வெறுமையை நிரப்புவதற்காகத் திறக்கிற கடையும் உண்டு. மூன்றாவது வகைக் கடைக்கு வாடகை கட்டுபவர் முதலாளி அல்லர். வீட்டில் காத்திருக்கிற மனைவியும், தந்தை முகம் காணாத பிள்ளைகளும், ஓய்வு கிடைக்காத வேலையாட்களுமே. கடைக்கு நிய்யத் என்ன என்று திறப்பு விழாவுக்கு முன்பே நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது. கேட்பதற்குச் சுலபமான வழியொன்று உண்டு. எண்ணை எழுதி வைக்க நோட்டுப் புத்தகமே இல்லை, பார்த்து மெச்ச ஒருவருமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நாளை காலை இதனைச் செய்வோமா? செய்வோம் என்று நெஞ்சு சொன்னால் தாராளமாகச் செய்யலாம்.

அப்படியானால் இலக்கே வைக்கக் கூடாதா? வைக்கத்தான் வேண்டும். எப்படி வைத்து, எட்டிய பின் என்ன செய்வது என்பதே கேள்வி. இதற்கு நம் பேராக் மண்ணிலேயே பாடம் இருக்கிறது. 1877ல் கோலாகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் சுங்கை சிப்புட் முதல் தாப்பா வரை தோட்டங்கள் பரந்தன. இன்று அவற்றுள் பல செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. ஆயினும் அங்கே மரம் சீவிய கைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. அவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, பட்டையை மெல்லிய இழையாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் அன்றைக்குப் பால் கூடுதலாக வரலாம். ஆனால் மரத்தில் காயம் பட்டு, அந்த இடத்தில் பட்டை நேராக வளராது. காயப்படுத்தாமல் சீவினால் பட்டை திரும்ப வளர்ந்து, சில ஆண்டுக்குப் பின் அதே இடத்தில் மீண்டும் சீவலாம். கைதேர்ந்த தொழிலாளி, இன்றைய வாளியை மட்டும் பார்த்துக் கத்தி பிடிப்பதில்லை. மரத்தையும் பார்த்தே பிடிக்கிறார். இலக்கு என்பது வாளி, மனிதன்தான் மரம். வாளி நிரம்பியது என்பதற்காக யாரும் மரத்தை வெட்டிப் போடுவதில்லை. வாளி நிரம்ப வேண்டும் என்பதற்காகப் பட்டையைக் கெடுப்பதும் அறிவாகாது.

எட்டிய பின் செய்யத்தக்கவை என்று நமக்குத் தோன்றுகிற இரண்டினைச் சொல்வோம்.

ஒன்று, பழைய மனிதனுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுவது. வருஷ முடிவில் இருப்புக் கணக்கு எடுக்கிறோம். பழைய பேரேட்டைப் புரட்டுகிறோம். அதுபோல, இலக்கை எழுதிய நாளில் நாம் எங்கே நின்றோம் என்பதை ஒரு முறை திரும்பிப் பார்க்க வேண்டும். அன்று ஏங்கியவன் இன்று இல்லையென்றாலும், அவன் பட்ட பாட்டுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவனை நினைத்து ஒரு நாளாவது மகிழ்ந்திருப்பது ஆணவம் ஆகாது. கணக்கு நேர் செய்வதே ஆகும். கணக்கை முடிக்காமலே அடுத்த புத்தகத்தைத் திறக்கிறவர்களுக்குத்தான் எந்த வருஷமும் லாபமாகத் தெரிவதில்லை.

மற்றொன்று, கற்றதைப் பிறருக்குக் கொடுப்பது. கண் வளர்ந்தவனுக்கு முதல் பந்தின் மகிழ்ச்சி மீண்டும் வராது. ஆனால் அதனைப் பிறர் முகத்தில் பார்க்க முடியும். தன்னளவில் நின்றுவிடுகிற தேர்ச்சிக்குப் போக இடமில்லை; குட்டைத் தண்ணீர்போலத் தேங்கிவிடுகிறது. அந்த வாலிபர் கோலை விற்கவில்லை. இப்போது தம் மாமன் மகனுக்குக் கோல் பிடிக்கக் கற்றுக் கொடுக்கிறார் என்று கேள்விப்படுகிறோம். வணிகத்திலும், தொழிலைச் சொல்லிக் கொடுத்துத் தம்மிடம் நின்ற ஒரு பையனைத் தனிக்கடை போட வைத்தவர்கள், வெறுமை என்று புலம்பி நாம் கண்டதில்லை.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறோம். ஸ்னூக்கர் ஆட்டம் பிறந்த கதை நம்மில் பலருக்குத் தெரியாது. 1875ல் இந்தியாவின் ஜபல்பூரில், நெவில் சேம்பர்லேன் என்னும் ராணுவ அதிகாரியும் அவருடைய தோழர்களும் மழைக்காலப் பொழுதுபோக்காக அதனை உண்டாக்கினார்கள். 1880களில் தமிழ்நாட்டின் உதகமண்டலத்தில்தான் அதன் விதிகள் எழுத்தில் வரையப்பட்டன. ஸ்னூக்கர் என்ற சொல், ராணுவக் கல்லூரியில் முதலாண்டு மாணவனைக் கேலியாகக் குறித்த சொல். புதுப்பயல் என்று பொருள். எளிதான பந்தைத் தவறவிட்ட ஒருவரை அவர் அவ்வாறு கேலி செய்துவிட்டு, அவர் மனம் புண்படாதபடி, இந்த ஆட்டத்தில் நாம் எல்லோருமே புதுப்பயல்கள்தாம் என்று சமாதானமும் சொன்னாராம். அந்தப் பெயரே ஆட்டத்துக்கு நிலைத்துவிட்டது. எத்தனை பட்டம் வென்றவரும், 147 எடுத்தவரும், 'புதுப்பயல்' என்ற பெயருள்ள ஆட்டத்தைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறார்!

இது நமக்குப் புதிய செய்தி அன்று. குர்ஆனை முழுமையாக ஓதி முடிக்கிற நாளில், கடைசி சூராவை ஓதிய வாயாலேயே நம் உஸ்தாதுமார்கள் பாத்திஹாவையும் பகராவின் தொடக்கத்தையும் ஓத வைத்தார்களே, நினைவிருக்கிறதா? இனிப்பு வழங்குவதற்கு முன்பே அடுத்த ஓதல் தொடங்கிவிடும். முடித்தது வீண் என்பதற்காக அல்ல. முடிப்பதற்காக மட்டும் ஓதவில்லை என்பதற்காக. சிறு வயதில் அதன் பொருள் நமக்கு விளங்கவில்லை. நாற்பதைக் கடந்த பின், கடனும் தீர்ந்து, கணக்கும் நேராகி, நெஞ்சு மட்டும் காலியாகத் தோன்றுகிற ஒரு மாலை வேளையில் அதனை எண்ணிப் பார்த்தால் விளங்கும்.

எட்டியதற்கு நன்றி செலுத்துவோம். எட்டியபின் வருகிற வெறுமையைக் கண்டு அஞ்சாதிருப்போம். அது நம்மைத் தண்டிக்க வந்ததன்று. மறுபடியும் முதல் பாடத்துக்கு அழைக்க வந்தது. அழைப்பை ஏற்போமாக!